ஆட்டுக்குட்டிக்கு என்ன நடந்தது?

எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டார். விளையாட்டுப் போட்டியையும் பரிசளிப்பு விழாவையும் அதிபரின் பிரம்பையும் மற்றவர்கள் விடமாட்டார்கள். நான் நூலகப் பாடவேளையை எடுத்துக்கொள்கிறேன். அதாவது, எங்கள் தமிழ் மாஸ்டரை.

மாஸ்டர் சிறுவர் கதை எழுதுபவர். பெயரைப் போட்டால் கூச்சப்படுவார், நம்மவர்களுக்குப் பெயர் சொல்லத் தேவையும் இல்லை. பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்து எங்களுக்கு வாசிப்பார். வாசிக்கும்போது ஒரு கண் தாளில் இருக்கும், மற்றக் கண் எங்கள் மேல். கடைசி வாங்கில் யாராவது ஜன்னல் பக்கம் திரும்பினால் அதட்டமாட்டார். தாளின் ஓரத்தில் சின்னதாக ஒரு கோடு போடுவார். அடுத்த கிழமை அந்தப் பந்தி இருக்காது. கதை நன்றாக இருக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. "இனி என்ன நடக்கும், சொல்லுங்கோ பார்ப்பம்" என்பார். நாலு பேர் சரியாகச் சொல்லிவிட்டால் அவருக்கு முகம் வாடிவிடும். எங்களுக்கோ பாடம் எழுதாமல் தப்பிய சந்தோஷம்.

அவர் செய்துகொண்டிருந்தது என்ன வேலை என்பது, வெளிநாடு வந்து என் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. பிள்ளைகள் தூங்கியபின், அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன். அங்கேயும் பாதிப் பேர் நம்முடைய மாஸ்டராகத்தான் இருந்தார்கள்.

சுவீடனின் அஸ்ட்ரிட் லிண்ட்கிரன் கதை அநேகருக்குத் தெரிந்திருக்கும். 1941இல் நோயாகப் படுத்திருந்த மகள், அந்த நிமிடம் வாயில் வந்த ஒரு பெயரைச் சொல்லி, அவளைப் பற்றிக் கதை சொல்லு என்று கேட்டாள். அப்படிப் பிறந்தவள்தான் அவருடைய புகழ்பெற்ற கதை நாயகி பிப்பி. 1944இல் பனியில் வழுக்கிக் கால் சுளுக்கி, தானே கட்டிலில் கிடந்தபோதுதான் லிண்ட்கிரன் அதை எழுதத் தொடங்கினார். ஒரு பெரிய பதிப்பகம் திருப்பி அனுப்பியது; அடுத்த ஆண்டு வேறொன்று வெளியிட்டது. எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகு வருவது. காலையில் கட்டிலில் இருந்தபடியே சுருக்கெழுத்தில் தன் கதையை எழுதுவார். மத்தியானம் பதிப்பகத்துக்குப் போய் மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவார். இப்படியே பல வருடம். அந்தச் சுருக்கெழுத்துக் கொப்பிகள் 600க்கு மேல் மிஞ்சியிருக்கின்றன.

நம் அழ. வள்ளியப்பாவும் வங்கியில் வேலை பார்த்தவர்தான். பகலெல்லாம் கணக்கு, மிச்ச நேரத்தில் குழந்தைப் பாட்டு.

'சார்லட்ஸ் வெப்' என்ற சிலந்திக் கதையை எழுதிய ஈ. பி. வைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பண்ணை வைத்திருந்தவர். கொட்டகையில் ஒரு சிலந்தி வலை பின்னுவதையும் முட்டைப் பை கட்டுவதையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பிறகு அந்தப் பையை வெட்டியெடுத்து, மிட்டாய்ப் பெட்டி ஒன்றில் போட்டு, நியூயோர்க் வீட்டுக்குக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தார். குஞ்சுகள் பொரித்து, பெட்டியின் துளைகளால் வெளியேறி, கண்ணாடி, சீப்பு, கத்தரிக்கோல் என்று எல்லாவற்றிலும் நூல் கட்டத் தொடங்கின. அவர் விரட்டவில்லை. வேலைக்காரப் பெண்தான் இனி இந்த அறையைத் துப்புரவு செய்யமாட்டேன் என்றாளாம், பாவம். சிலந்திகளைப் பற்றி அறிவியல் நூல்களையும் தேடிப் படித்தார். கதையை எழுதி முடித்தும் அச்சுக்குக் கொடுக்காமல் பல மாதம் கிடப்பில் போட்டார். திரும்ப எடுத்தபோதுதான், அதுவரை கதையிலேயே இல்லாத ஒரு சிறுமியைக் கொண்டுவந்து முதல் பக்கத்தில் நிறுத்தினார். 1952இல் புத்தகம் வந்தது. இன்று படிக்கிறவர்களுக்கு அந்தச் சிறுமி இல்லாத கதையை நினைத்துப் பார்க்கவே முடியாது.

சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் படமுமாகப் புத்தகம் எழுதிய அமெரிக்கர் டாக்டர் சூஸ் வேறு மாதிரி. ஐம்பதே வெவ்வேறு சொற்களைத் திரும்பத் திரும்ப வைத்துப் புத்தகம் எழுத முடியுமா என்று அவருடைய பதிப்பாளர் பந்தயம் கட்ட, 1960இல் 'கிரீன் எக்ஸ் அண்ட் ஹாம்' எழுதிக் காட்டினார். அந்த ஐம்பதில் 49 சொற்கள் ஓரசைச் சொற்கள். அதற்கு முன்பு 1957இல் வந்த 'த கேட் இன் த ஹேட்' புத்தகத்தில் 236 வெவ்வேறு சொற்கள். அதற்கே ஒரு வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறார். சின்னப் பிள்ளைகளுக்குத்தானே, ஒரு பின்னேரத்தில் எழுதிப் போடலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். பெரியவர்களுக்கு எழுதி முடிந்தபிறகு கையோடு கையாகச் செய்கிற வேலை என்று. அப்புறம் கடைசிப் பந்தியில் ஒரு நீதியை வைத்துத் தைத்துவிட்டால் சரி!

மாஸ்டருக்கு அந்த நீதிப் பந்தி ஆகவே ஆகாது. "புத்தி சொல்ல வீட்டில அப்பா அம்மா இருக்கினம், இங்க அதிபர் இருக்கிறார். நான் எதுக்கு?" என்பார். தன்னுடைய கதைகளை ஒரு பெரிய பத்திரிகைக்கு அனுப்பினார் என்றும், நீதி சேர்த்துத் தாருங்கள் என்று அவர்கள் திருப்பியனுப்பினார்கள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். அவர் சேர்க்கவில்லை. ஆகவே அவை அச்சாகவும் இல்லை.

போன மாதம் எங்கள் வகுப்புக்காரர் சிலர் குழு அழைப்பில் சேர்ந்தபோது பேச்சு மாஸ்டரின் ஒற்றைக்கொம்பு ஆட்டுக்குட்டிக் கதைக்குத் திரும்பியது. ஆற்று வெள்ளத்தில் அடிபட்டுப் போன குட்டி கடைசியில் திரும்பி வந்தது என்று நான் சொன்னேன். இல்லை, அக்கரையில் வேறு மந்தையோடு சேர்ந்துவிட்டது என்றான் இன்னொருவன். எங்களுக்கு இரண்டு வருடம் கீழே படித்த தம்பி ஒருவர், குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, தேடிப்போன பையன்தான் வழி தவறினான் என்று சத்தியமே செய்தார். பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு வகுப்பும் முடிவைச் சரியாக ஊகிக்க ஊகிக்க, மனுஷன் அதை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

மலரை வாசிக்கிற அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லாரையும் கேட்கிறேன். உங்கள் வகுப்பில் அந்த ஆட்டுக்குட்டிக்கு என்ன நடந்தது? எந்த ஆண்டு என்பதையும் சேர்த்துச் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். கிடைத்த முடிவுகள் எல்லாவற்றையும் அடுத்த மலரில் போடலாம் என்று செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.