இரண்டு முறை பதித்த ஓரக்கல்

கேட்டிலிருந்து போர்டிகோ வரை 40 அடி. சிமென்ட் தளம் போட்டால் மழைநீர் நிலத்தில் இறங்காதே என்று ஜல்லிப் பாதை, ஜல்லி சிதறாமலிருக்க இருபுறமும் சாலிட் பிளாக் என்கிற கான்கிரீட் கல். இந்தச் சின்ன வேலையை இரண்டு முறை செய்ய நேர்ந்தது.

முதல் தவறு என் வாயால் வந்தது. போனில் "ஒரு லோடு கிராவல்" என்றேன். சாயங்காலம் கேட்டருகே செம்மண் குவிந்து கிடந்தது. நம் ஊரில் கிராவல் என்றால் பள்ளம் நிரப்பும் செம்மண்தான்; முக்கால் இன்ச் ஜல்லி என்று கேட்டிருக்க வேண்டும். திரும்ப அள்ள லோடுக்காரர் சொன்ன கூலியைக் கேட்டதும் மண்ணைத் தென்னைக்கே போட்டுவிட்டேன்.

கல் 16 இன்ச் நீளம், 8 உயரம், 4 அகலம். பக்கத்துக்கு 30, உடைசலுக்கென்று 5 சேர்த்து 65 வாங்கினேன். பதினொன்றில் மூலை போயிருந்தது. சாவியால் கீறினால் மாவாய் உதிர்ந்தது. வார்த்தபின் சரியாகத் தண்ணீர் விட்டு இறுக விடாத கல். மூன்று முறை போன் செய்தபின் எட்டை மாற்றித் தந்தார்கள். வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்பே கீறிப் பாருங்கள்.

பெரிய அடி கொத்தனாரிடம் வாங்கினேன். அடியில் கான்கிரீட் வேண்டாமா என்று கேட்டதற்கு, "கார் என்ன கல் மேலா ஏறப்போகிறது, சார்?" என்றார். மண்ணைக் கீறி, கலவை வைத்து, நூல் பிடித்து ஒரே நாளில் நிறுத்திவிட்டார். பார்க்க அழகுதான். கார் கல் மேல் ஏறவில்லை. ஜல்லி மேல் ஏறியது. டயர் அழுத்த அழுத்த ஜல்லி கல்லை வெளியே நெட்டியது. ஐப்பசி மழையில் மண் இளகியதும் வலப்பக்கம் ஏழு கல் தோட்டத்துக்குள் மல்லாந்தன. உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கி நின்றது வேறு.

இரண்டாம் முறை ஒரு சித்தாளோடு நானே இறங்கினேன். எல்லாவற்றையும் பிடுங்கி, ஓர் அடி அகலம், முக்கால் அடி ஆழம் தோண்டி, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, 4 இன்ச் கனத்துக்கு ஒன்றரை இன்ச் ஜல்லிக் கான்கிரீட். மறுநாள் அதன்மேல் கல். 5 இன்ச் மண்ணுக்குள், 3 வெளியே. முக்கியமானது பின்பக்கம்: தோட்டத்துப் பக்கமாகக் கல்லின் பாதி உயரத்துக்குச் சரிவாகக் கான்கிரீட் அணைப்பு. மேலே மண் போட்டு மூடினால் கண்ணுக்குத் தெரியாது. ஆறடிக்கு ஓர் இணைப்பில் கலவை வைக்காமல் விரல் நுழையும் இடைவெளி விட்டேன், தண்ணீர் வெளியேற. 40 அடி நூல் நடுவில் தொய்யும். இடையில் ஒரு முளை அடித்துக்கொள்ளுங்கள்.

ஏழு நாள் தண்ணீர் விட்டேன். அதுவரை கார் தெருவில் நின்றது.

அடுத்த மழையில் ஒரு கல்லும் அசையவில்லை. அந்தப் பக்கம் போன கொத்தனார் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு, "நான் வைத்த கல்தானே, சார்? எப்படி நிற்கிறது பாருங்கள்" என்றார். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கிளம்பிவிட்டார்.