டி4 லைட் மினுக்கினால், கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்

வண்டி பழைய நான்கு கியர் ஆட்டோமேட்டிக் ஹோண்டா. தரையில் குறை சொல்ல முடியாது. ஆழியாறு தாண்டி வால்பாறை மலையில் பத்துப் பதினைந்து கொண்டை ஊசி வளைவு ஏறியதும் மீட்டரில் டி4 லைட், அதாவது லீவர் டி4-ல் இருப்பதைக் காட்டும் லைட், மினுக்க ஆரம்பிக்கும். கியர் மாறும்போது முதுகில் இடிக்கும். நிறுத்திச் சாவியை அணைத்துப் போட்டால் லைட் போய்விடும். மறுநாள் காலையில் பொள்ளாச்சி டவுனுக்குள் ஓட்டிப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. முதலில் காட்டிய பட்டறையில் கிடைத்த பதில்: "கியர்பாக்ஸ் போச்சுங்க, இறக்கித்தான் பார்க்கணும்."

நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி கியர்பாக்ஸை ராவோடு ராவாகப் பிரித்து மாட்டும் கைகள் உண்டு. அந்தப் பழக்கத்திலேயே ஆட்டோமேட்டிக்கையும் அணுகுவதுதான் தகராறு. மினுக்கும் லைட் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் போடுவது. அதற்குத் தெரிவது வோல்டேஜும், சென்சாரிலிருந்து வரும் சிக்னலும், சோலனாய்டு (ஆயில் வழியைத் திறந்து மூடும் மின்காந்த வால்வு) வழியே ஓடும் மின்சாரமும். கிளட்ச் தட்டு தேய்ந்ததை அது நேரில் பார்ப்பதில்லை. அதனால் தேடலை வெளியில் இருக்கும் வயரில் தொடங்குவதே முறை.

எது கோளாறு, எது இல்லை என்பதை முதலில் பிரித்துவிடலாம். சாவி போட்டதும் இரண்டு விநாடி டி4 எரிந்து அணைவது பல்பு சோதனை. டொயோட்டாவில் ஓவர்டிரைவ் என்ற மேல் கியர் அணைந்திருப்பதைக் காட்டும் "ஓ/டி ஆஃப்" லைட் மினுக்காமல் நின்று எரிந்தால் லீவரில் இருக்கும் பொத்தானை யாரோ அழுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். அதே லைட் மினுக்கினால் கோளாறு.

அடுத்தது, கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருக்கும் கோளாறு எண்ணை, அதாவது கோடை, படிக்கும்வரை பேட்டரி டெர்மினலைக் கழற்றக் கூடாது. இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் கோடு நினைவில் நிற்பது பேட்டரி கரண்டில்தான். "கழற்றி மாட்டினேன், சரியாகிவிட்டது" என்று வரும் வண்டிகளில் இருந்த ஒரே தடயமும் போயிருக்கும்.

பழைய வண்டியில் கோடு படிக்க ஸ்கேனர் வேண்டாம். ஹோண்டாவில் டேஷ்போர்டுக்கு அடியில் வயர்க்கட்டோடு ஒட்டி இரண்டு பின் கொண்ட நீல நிறக் கனெக்டர் ஒன்று சும்மா தொங்கும். பக்கத்திலேயே மூன்று பின் கனெக்டரும் இருக்கலாம், அதைத் தொடக் கூடாது. சாவி அணைந்த நிலையில் நீலக் கனெக்டரின் இரண்டு பின்னையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, சாவியை ஆன் வரை மட்டும் திருப்ப வேண்டும். ஸ்டார்ட் செய்யக் கூடாது. டி4 எண்ண ஆரம்பிக்கும். நீள மினுக்கு பத்து, குட்டி மினுக்கு ஒன்று. செக் இன்ஜின் லைட்டும் கூடவே தன் கணக்கை மினுக்கும்; இரண்டையும் சேர்த்து எண்ணிக் குழம்புகிறவர்கள்தான் அதிகம். 1, 2 லாக்-அப் சோலனாய்டுகள், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியே இணைக்கும் டார்க் கன்வர்ட்டரைப் பூட்டுபவை. 5, 6 லீவர் நிலை காட்டும் சுவிட்ச். 7, 8 ஷிப்ட் சோலனாய்டு ஏ, பி. 9 கவுண்டர்ஷாப்ட் ஸ்பீட் சென்சார். 15 மெயின்ஷாப்ட் (இன்ஜின் பக்கமிருந்து சுழற்சியை வாங்கும் தண்டு) ஸ்பீட் சென்சார். இந்த வண்டியில் வந்தது ஒரு நீளம், ஐந்து குட்டி: 15.

பழைய டொயோட்டாவில் டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇ1, இ1 இரண்டையும் இணைத்தால் ஓ/டி லைட் இரண்டிலக்க எண்ணாக மினுக்கும். 62, 63 என்றால் ஷிப்ட் சோலனாய்டுகள், 64 லாக்-அப், 42-ம் 61-ம் ஸ்பீட் சென்சார்கள். ஓ/டி பொத்தான் ஆனில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லைட் நின்று எரியுமே தவிர எண்ணாது. ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட் உள்ள வண்டியில் மலிவான புளூடூத் கருவி பி0700 மட்டும் காட்டினால் அதை வைத்து எந்தப் பாகமும் வாங்க வேண்டாம். "கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் ஒரு கோடு இருக்கிறது, போய்க் கேள்" என்பது மட்டுமே அதன் பொருள். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குள் போய்ப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும்.

கோடு தெரிந்த பிறகும் சென்சாருக்கு ஓடவில்லை. முதலில் கரண்டைப் பார்த்தோம். ராத்திரி நிறுத்திய பேட்டரி 12.5 வோல்ட், ஸ்டார்ட் அடிக்கும்போது 10.4, ஓடும்போது 14.1. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆல்டர்னேட்டரில் பார்த்தால் 0.04. இது அரை வோல்ட்டைத் தொட்டால் டயோடு போயிருக்கிறது. அந்த இரைச்சலே சென்சார் சிக்னலைக் கெடுத்து இல்லாத கோடுகளைப் போடும். குறை எர்த்தில் இருந்தது. பேட்டரி நெகட்டிவுக்கும் கியர்பாக்ஸ் கூட்டுக்கும் நடுவே மீட்டரை வைத்து ஸ்டார்ட் அடித்தபோது 0.6 வோல்ட். எர்த் பட்டையைக் கழற்றி, இரண்டு முனையையும் உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் 0.15. இது தனியாகவே பல வண்டிகளின் லைட்டை அணைக்கும். இந்த வண்டியில் அணையவில்லை.

ஆயில் அடுத்தது. ஹோண்டாவில் இன்ஜின் சூடான பிறகு சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஒரு நிமிடத்துக்குள் டிப்ஸ்டிக் பார்க்க வேண்டும். டொயோட்டா, ஹூண்டாயில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை நகர்த்திவிட்டுப் பார்க்க வேண்டும். இதை மாற்றிச் செய்து அளவுக்கு மேல் ஊற்றினால் நுரை தட்டி அழுத்தம் விழும், அதுவே புதுக் கோளாறு. நிறம் சிவப்பாக இருக்கலாம், கொஞ்சம் மங்கியிருக்கலாம். கருகிய வாடையோடு கறுத்திருந்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது. ரோஸ்மில்க் மாதிரி இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். ரேடியேட்டரின் தொட்டிக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி கூலன்ட் உள்ளே கலந்துவிட்டது. கிளட்ச் தட்டின் லைனிங் ஊறிக் கழன்றுவிடும்.

ரேடியேட்டர் பேச்சு வந்ததால் ஒன்று. பொள்ளாச்சி பக்கத்துத் தென்னை நார் தூசியும், பல்லடம், திருப்பூர் பக்கத்துப் பஞ்சும் ரேடியேட்டர் தகடுகளின் நடுவே மெத்தையாகப் படிந்துவிடும். மெதுவாக மலையேறும்போது டார்க் கன்வர்ட்டர் லாக் ஆகாமல் வழுக்கியே ஓடும், அந்தச் சூடு முழுவதும் ஆயிலுக்குப் போகும். தூசியைப் பின்பக்கமிருந்து, அதாவது இன்ஜின் பக்கமிருந்து, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டுத் தள்ள வேண்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேராகக் காட்டினால் தகடு மடங்கும். அதே துப்பாக்கித் தண்ணீர் ஹூண்டாய், டொயோட்டாவில் கியர்பாக்ஸ் மேல் உட்கார்ந்திருக்கும் லீவர் நிலை சுவிட்சுக்குள் புகுந்து, இரண்டு நாள் கழித்து லைட் மினுக்க வைப்பதும் வழக்கம்.

இனி 15. சென்சார் பிளக்கைக் கழற்றி அதன் இரண்டு முனையில் ஓம் பார்த்தால் 400 முதல் 600 வரை இருக்க வேண்டும். வந்தது 512. ஹேர் டிரையரால் சூடாக்கியதும் 600-ஐ ஒட்டி ஏறியது. செம்புச் சுருள் சூட்டில் ஓம் கூடும். கோயமுத்தூரில் மோட்டார் ரீவைண்டிங் செய்கிற எவரிடம் கேட்டாலும் சொல்வார். அறுந்தால்தான் குறை. ஆக, சென்சார் நல்லது. புதுசு வாங்கிப் போட்டிருந்தால் காசு போயிருக்கும், லைட் நின்றிருக்காது.

சென்சார் பிளக்கை மறுபடி மாட்டி, சாவி அணைந்த நிலையில் கம்ப்யூட்டர் பிளக்கைக் கழற்றி அந்த முனையிலிருந்து அதே இரண்டு வயரில் ஓம் பார்த்தோம். அங்கும் ஏறக்குறைய அதே அளவு. ஒருவர் மீட்டரைப் பார்க்க, இன்னொருவர் வயர்க்கட்டை அங்குலம் அங்குலமாக ஆட்டி இழுத்தபோது ஓர் இடத்தில் மீட்டர் முடிவிலிக்குத் தாவியது. டேப்பைப் பிரித்தால் பழைய ஒட்டு. தோட்டத்துச் சாளையில் நிற்கும் வண்டி. எலி கடித்த வயரை யாரோ முறுக்கி டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். டேப் பசை சூட்டில் இளகி, செம்பு பச்சை பூத்திருந்தது.

தரையில் வராமல் மலையில் மட்டும் வந்த காரணமும் அங்கேயே கிடைத்தது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது இன்ஜின் மவுண்டிங்கில் சாய்ந்து வயர்க்கட்டை இழுக்கும். ரப்பர் வெடித்த மவுண்டிங் என்றால் இன்னும் அதிகம் சாயும். இந்த வண்டியில் மேல் மவுண்டிங் வெடித்திருந்தது, அதையும் மாற்றினோம். இல்லாவிட்டால் புது ஒட்டும் கொஞ்ச நாளில் விட்டுவிடும்.

செம்பு பளிச்சென்று தெரியும்வரை இரண்டு பக்கமும் வெட்டி, கொஞ்சம் கூடுதல் நீளத்துக்கு வயர் சேர்த்து, ஈயம் வைத்து ஒட்டி, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட வேண்டும். இரண்டு ஒட்டும் ஒரே இடத்தில் வராமல் தள்ளித் தள்ளி இருக்கட்டும். ஸ்பீட் சென்சார் வயர் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கியே கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் இக்னிஷன் இரைச்சலை வாங்கிக்கொள்ளும்.

கோடு 7, 8 வந்திருந்தால் வேலை வேறு. ஷிப்ட் சோலனாய்டு 12 முதல் 25 ஓம் காட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து 12 வோல்ட் தொட்டால் 'டிக்' என்று கேட்க வேண்டும். ஓம் சரி, சத்தமும் சரி, ஆனாலும் கியர் தடுமாறுகிறது என்றால் சோலனாய்டைக் கழற்றி அடியிலுள்ள கேஸ்கெட்டின் வலையைப் பாருங்கள், கசடு அடைத்திருக்கும். கேஸ்கெட்டைப் புதுசாகவே போட வேண்டும்.

கடைசியில் ஆயிலும் மாற்றினோம். டிரெயின் போல்ட்டில் சதுரக் குழி இருக்கும், 3/8 ராட்செட் நேராக உட்காரும். காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் இயல்பு, ஊசி ஊசியாக இரும்பு இருந்தால் கவலைப்பட வேண்டும். ஒரு தடவைக்கு இறங்குவது இரண்டரை லிட்டர்தான், மீதி கன்வர்ட்டருக்குள் நின்றுவிடும். நடுவில் வண்டியை ஓட்டி மூன்று தடவை மாற்றினால் ஐந்தில் நாலு பங்கு புதுசாகும். ஹோண்டாவுக்கு உரிய ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) மட்டும். கடையில் "எல்லா வண்டிக்கும் ஆகும்ங்க" என்று தருவதை வாங்க வேண்டாம்.

கம்ப்யூட்டர் நினைவுக்குக் கரண்ட் தரும் பேக்-அப் ஃபியூஸைப் பத்து விநாடிக்கு மேல் எடுத்து மாட்டினால் கோடு அழியும். பிறகு தரையில் ஓட்டிப் பார்ப்பது போதாது, மலையேற்றியே ஆக வேண்டும், ஏற்றத்தில் லீவர் 2-ல் இருக்கட்டும். மலையில் மறுபடி நின்றுவிட்டால் முன்சக்கரம் தரையில் உருளச் சங்கிலி கட்டி இழுத்துவர விடாதீர்கள். இன்ஜின் ஓடாதபோது ஆயில் பம்பும் ஓடாது. வயரில் இருந்த குறை அப்போது நிஜமாகவே கியர்பாக்ஸ் குறையாகிவிடும். தட்டு வண்டிதான் வர வேண்டும்.