பதினான்கு டன் செயின் வண்டியை லாரியில் ஏற்றுவது

இங்கிலாந்தில் கோடை வந்துவிட்டால் எங்காவது ஒரு வயல்வெளியில் பழைய ராணுவ வண்டிகளின் கண்காட்சி நடந்துகொண்டே இருக்கும். டார்செட்டில் போவிங்டன் டாங்க் மியூசியம் ஜூன் கடைசியில் நடத்துகிற டாங்க்ஃபெஸ்ட் இதில் பெரிய திருவிழா. கென்ட், மிட்லேண்ட்ஸ் பக்கம் சின்னதும் பெரிதுமாக இன்னும் நிறைய உண்டு. நானும் இரண்டு நண்பர்களும் கூட்டாக வைத்திருப்பது ஒரு எஃப்வி432. 1960களில் ஜிகேஎன் சாங்கி கம்பெனி பிரிட்டிஷ் ராணுவத்துக்குச் செய்துகொடுத்த கவச வண்டி, படைவீரர்களை ஏற்றிப்போவதற்கானது. பீரங்கி கிடையாது. ஆனாலும் பார்க்க வருகிற எல்லாரும் இதை டாங்க் என்றுதான் சொல்வார்கள். நாங்களும் திருத்துவதை நிறுத்திவிட்டோம்.

எஞ்சினைப் பிரித்து மாட்டியது, துரு எடுத்தது, பெயின்ட் அடித்தது பற்றியெல்லாம் எழுத ஆள் இருக்கிறது. எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது வேறு: ஷெட்டில் நிற்கும் வண்டியைக் கண்காட்சித் திடலில் கொண்டுபோய் நிறுத்துவது.

ஓட்டியே போகலாமே என்று கேட்பார்கள். போகலாம், சட்டம் தடுக்கவில்லை. டிராக்கின் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புச் செயின்) ஒவ்வொரு கண்ணியிலும் ரப்பர் பேட் இருப்பதால் தார்ச்சாலை கிழியாது. ஓட்டுகிறவரிடம் செயின் வண்டிக்கான ‘எச்’ வகை உரிமம் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் வண்டியின் தகுதியைப் பார்க்கும் எம்ஓடி சோதனையிலிருந்து செயின் வண்டிகளுக்கு விலக்கு. ஆனால் உச்ச வேகமே மணிக்கு ஐம்பது கிலோமீட்டரை ஒட்டித்தான். டீசல் டேங்க் நிறைய 450 லிட்டர் ஊற்றினால் சுமார் 480 கிலோமீட்டர், அதாவது கிட்டத்தட்ட கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடிக்கும். டீசல் செலவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தேய்மானத்தைத்தான் தாங்க முடியாது. ரப்பர் பேட், டிராக் பின், சக்கரம் எல்லாமே ஓடிய தூரத்துக்குக் கணக்கு வைத்துத் தேயும். பக்கத்து ஊர் என்றால் ஓட்டுகிறோம். அதற்கு மேல் என்றால் லாரிதான்.

ராணுவமும் இதே முடிவுக்குத்தான் வந்தது. இரண்டாம் உலகப் போரில், டாங்க் தன் காலில் நடந்து போர்க்களம் போய்ச் சேருவதற்குள் பாதி ஆயுள் போய்விடுகிறது என்பதால்தான் டாங்க் சுமக்கும் லாரிகளைத் தேடி வாங்கினார்கள். 1941 முதல் வந்த அமெரிக்க டயமண்ட் டி 980 லாரி வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷாருக்காக உழைத்தது. அது இழுத்தது 24 சக்கரங்கள் கொண்ட, 45 டன் சுமக்கும் டிரெய்லர். போருக்குப் பிறகு செஞ்சூரியன் டாங்குகளைச் சுமக்க தார்னிகிராஃப்ட் ஆன்டார் வந்தது. சில கண்காட்சிகளில் டாங்கை விட்டுவிட்டு இந்த லாரிகளையே சுற்றிச்சுற்றி வருகிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சி.

சரி, எங்கள் வண்டிக்கு வருவோம். புத்தகத்தில் 15.3 டன் என்று இருக்கும், அது ஆளும் ஆயுதமும் ஏற்றிய போர்க்கால எடை. காலி வண்டி எடைமேடையில் பதினான்குக்குப் பக்கத்தில் நின்றது. லாரிக்காரர் முதலில் கேட்பது எடையைத்தான், அதனால் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். அடுத்த கேள்வி அகலம். இங்கே லாரியோ டிரெய்லரோ 2.55 மீட்டருக்குள் இருக்க வேண்டும். எங்கள் வண்டி 2.8 மீட்டர், அதனால் இரண்டு பக்கமும் ஒரு சாண்கூட இல்லாத அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுமை ஒரு பக்கத்தில் 30.5 சென்டிமீட்டருக்கு மேல் நீட்டாமலும் மொத்த அகலம் 2.9 மீட்டரைத் தாண்டாமலும் இருந்தால் போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பத்து சென்டிமீட்டர் மிச்சத்தில்தான் எங்கள் நிம்மதி இருக்கிறது. ஒரு நண்பர் சீஃப்டன் டாங்க் வைத்திருக்கிறார். 55 டன், அகலம் மூன்றரை மீட்டர். ஒவ்வொரு பயணத்துக்கும் குறைந்தது இரண்டு முழு வேலைநாட்களுக்கு முன்னாலேயே பெரிய சுமைகளுக்கான எஸ்டால் இணையச் சேவையில் பாதையைப் பதிந்து, போலீசுக்கும் சாலை, பாலம் வைத்திருப்பவர்களுக்கும் அறிவிக்க வேண்டும். அவருக்கு டாங்கைவிடக் காகிதம்தான் கனம்.

சின்ன வண்டி என்றால் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். யுனிவர்சல் கேரியர் என்று ஒரு சின்ன ராணுவச் செயின் வண்டி உண்டு. ஃபோர்டு வி8 எஞ்சின், திறந்த மேல்தளம், நீளம் 3.65 மீட்டர்தான். பார்த்ததும் லேண்ட் ரோவரின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் காலியாகவே மூன்று டன்னைத் தாண்டும். கார் இழுக்கிற டிரெய்லர், தன் எடையும் சுமையும் சேர்த்து, 3.5 டன்னுக்கு மேல் போகக்கூடாது. உறுதியான டிரெய்லருக்கே முக்கால் டன் போய்விடும், கணக்கு எங்கே உதைக்கும் என்று தெரிந்துவிடும். “நல்லாத்தான் இழுக்குது” என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இழுப்பது பெரிய விஷயமில்லை, ஈரச் சாலையில் இறக்கத்தில் நிறுத்திக் காட்டட்டும். கேரியருக்கும் முறையான லாரிதான் வேண்டும்.

எங்களில் யாரிடமும் பெரிய லாரி ஓட்டும் உரிமம் இல்லை. அதனால் வாடகைக்குத்தான் பிடிக்கிறோம். விசாரித்துப் பார்த்ததில், பொக்லைன் ஏற்றிப் பழகியவர்கள்தான் இதற்குச் சரியான ஆட்கள். கார் ஏற்றுகிறவருக்குச் செயின் வண்டியைக் கண்டாலே பயம். பொக்லைன்காரருக்கு அன்றாட வேலை, தாழ்வான டிரெய்லரும் சங்கிலியும் மரக்கட்டைகளும் எப்போதும் கையோடு இருக்கும். வழியில் சேதம் ஆனால் அவருடைய காப்பீடு எவ்வளவு வரை கொடுக்கும் என்பதை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுகிறோம்.

ஏற்றுவதுதான் நெஞ்சு படபடக்கிற கட்டம். எஃப்வி432-இல் ஓட்டுநர் முன்னால் வலதுபக்கம் உட்கார்ந்திருப்பார், அவருக்கு இடதுபக்கம் முழுக்க எஞ்சின். இடது டிராக் ராம்ப்பில் ஏறுகிறதா, காற்றில் ஏறுகிறதா என்று அவருக்குத் தெரியாது. வெளியே நிற்கிறவரின் கைதான் அவருக்குக் கண். கை காட்டுவது ஒரே ஆளாக இருக்க வேண்டும். கூட்டத்தில் பத்துப் பேர் கையை ஆட்டினாலும் ஓட்டுநர் அந்த ஒருவரை மட்டும் பார்ப்பார். அவர் மறைந்துவிட்டால் அந்த இடத்திலேயே பிரேக். கை காட்டுகிறவர் டிரெய்லரின் மேல், வண்டிக்கு நேர் முன்னால் நிற்கவே கூடாது. கீழே, ஓட்டுநர் பக்கமாக விலகி நிற்க வேண்டும்.

ஏறும்போது திருப்பக்கூடாது. இதில் ஸ்டியரிங் சக்கரம் கிடையாது, இரண்டு லிவர்கள். ஒன்றை இழுத்தால் அந்தப் பக்க டிராக் மெதுவாகும், மூக்கு அந்தப் பக்கம் வெட்டும். தரையில் அது சாதாரணம். ராம்ப்பில் செய்தால் பதினான்கு டன்னும் பக்கவாட்டில் வழுக்கும், மழை பெய்திருந்தால் கேட்கவே வேண்டாம். எனவே லாரிக்குப் பின்னால் தூரத்திலேயே நேராக நிறுத்தி, கோடு பிடித்த பிறகுதான் கிளப்புகிறோம். கோணல் தெரிந்தால் பின்னால் வந்து மறுபடி. ஆட்டோமேட்டிக் கியர் என்பதால் கீழ் கியரில் ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஊர்ந்து போகும்.

ராம்ப் முடிந்து தளம் ஆரம்பிக்கும் விளிம்பில்தான் முக்கியமான வேலை. வண்டியின் முன்பாதி வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும், ஓட்டுநருக்கு மேகம் மட்டும்தான் தெரியும். எடையின் மையம் விளிம்பைக் கடந்ததும், ஏற்றமரத்தில் ஆள் நடக்க நடக்க மரம் தாழ்வது போல, மூக்கு தானாகக் கீழே இறங்கும். பொறுமையாக ஊர்ந்தால் மெத்தென்று உட்காரும். அவசரப்பட்டால் தடாலென்று விழும். அந்த அடி முழுவதும் முன்சக்கரக் கைகளுக்கும், ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் என்கிற முறுக்குக் கம்பிகளுக்கும்தான். அவை எளிதில் கிடைக்கிற சாமான்கள் அல்ல. அப்புறம் எங்கே நிற்பது? எடை டிரெய்லரின் அச்சுகளுக்கும் முன்னால் லாரிக்கும் சரியாகப் பிரிய வேண்டும். அந்த இடத்தைக் கண்டுபிடித்ததும் வண்டியின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு வெள்ளைக் கோடு போட்டோம். பார்வையாளர்கள் அதை ஏதோ ராணுவக் குறி என்று படம் எடுக்கிறார்கள்.

கட்டுவதில் இங்குள்ள விதி எளிமையானது. முன்னோக்கிச் சுமையின் முழு எடையையும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் பாதி எடையையும் தாங்கும்படி கட்டியிருக்க வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் அகல நைலான் பட்டை நேராக இழுத்தால் இரண்டரை டன்னுக்குத்தான், கூரான இரும்பு விளிம்பில் அறுந்தும் போகும். நாங்கள் பயன்படுத்துவது 13 மி.மீ. சங்கிலி, கிரேடு 80, ஒன்று பத்து டன் வரை தாங்கும். நான்கு மூலைக்கும் ஒன்றாகக் குறுக்காக இழுத்து, ராட்செட் வைத்து முறுக்குகிறோம். நெம்புகோல் மாதிரி மடக்குகிற பழைய வகை வேகமானதுதான், ஆனால் துள்ளித் திரும்பினால் தாடையைப் பெயர்க்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

சங்கிலியை எங்கே மாட்டுவது என்பதில்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். டிராக் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது, மாட்டுவதும் சுலபம். ஆனால் அங்கே கட்டினால் சங்கிலி பிடிப்பது டிராக்கை. வண்டி அதன்மேல் தன் ஸ்பிரிங்குகளில் ஆடிக்கொண்டே வரும். உடம்பிலேயே பற்றவைத்திருக்கும் இழுவைக் காதுகளில்தான் மாட்ட வேண்டும். முறுக்கும்போது உடம்பு சஸ்பென்ஷன்மேல் கொஞ்சம் அமுங்கும். சில மைல் ஓடியதும் குலுங்கிக் குலுங்கி இன்னும் அமுங்கி, சங்கிலி தளர்ந்திருக்கும். முதல் ஒதுக்கிடத்திலேயே நிறுத்தி மறுபடி முறுக்குகிறோம், ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சமாவது இறுகத்தான் செய்கிறது. கூரைக் கதவுகள், ஜெர்ரிகேன், வலை எல்லாம் உள்ளே. மேலே பொருத்தியிருக்கும் பொம்மைத் துப்பாக்கிக்குத் துணி போட்டு மூடிவிடுவது நல்லது.

போவதைவிடத் திரும்புவது கஷ்டம், காரணம் சேறு. களிமண் வயலில் ஒரு நாள் ஓடினால் சக்கரங்களுக்கு இடையிலும் அடிவயிற்றிலும் மண் அப்பிக்கொள்ளும். எடை கூடுகிறது, ராம்ப் வழுக்குகிறது. கட்டி கட்டியாகச் சாலையில் விழுந்தால் பின்னால் வருகிறவரின் கண்ணாடி போகும், சாலையில் மண்ணைக் கொட்டியதற்கு வழக்கும் வரும். மண்வெட்டியால் தோண்டி, தண்ணீர் அடித்த பிறகே ஏற்றுகிறோம். ஒரு மழைக்காலக் கண்காட்சியில் லாரியே வாசலில் புதைந்துபோனது. எங்கள் வண்டியை வைத்துத்தான் வெளியே இழுத்தோம். “அப்போ இன்னிக்கு வாடகை யார் யாருக்குத் தரணும்?” என்று ஓட்டுநர் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனாலும் நாங்கள்தான் தந்தோம்.

அடுத்த கோடைக்கு ஒரு திட்டம் இருக்கிறது. கேரியர் வைத்திருக்கும் நண்பரோடு சேர்ந்து ஒரே டிரெய்லரில் இரண்டையும் ஏற்றினால் வாடகை பாதியாகும். எடை பதினெட்டு டன்னுக்குள் அடங்கும். நீளம் 5.25-உம் 3.65-உம் சேர்ந்தால் 8.9 மீட்டர். பேசி வைத்திருக்கும் டிரெய்லரில் அது பிடிக்கும், ஆனால் இரண்டுக்கும் நடுவில் சங்கிலி சாய்வாகப் போக இடம் வேண்டுமே. நடுவில் நெட்டுக்குத்தாக இழுத்தால் முன்னோக்கிய தள்ளலைப் பிடிக்காது. ஷெட் தரையில் சாக்பீஸால் டிரெய்லரை வரைந்து, இரண்டு வண்டிகளின் காதுகளையும் குறித்து, நூல் கட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் வண்டி முன்னால் போனால் எடை ஒழுங்காகப் பிரிகிறது. கேரியர்காரரோ தன் வண்டியைச் சேற்றுவண்டிக்குப் பின்னால் நிறுத்த மாட்டேன் என்கிறார்.