தேமலுக்கு வந்த பையன்

கொழும்பில் வேலை பார்த்த கடைசி மாதம், ஓர் இரவு, ஆணுறை கிழிந்துவிட்டது. அதற்கு மேல் அதைச் சொல்லத் தேவையில்லை. ஊருக்கு வந்து பதினெட்டாம் நாள் குளிக்கும்போது அந்த இடத்தில் சின்னச் சின்ன முத்துகளாக ஒரு வரிசை கண்ணில் பட்டது. முன்பும் இருந்ததா? 29 வருசத்தில் நான் அப்படி உற்றுப் பார்த்ததே இல்லை.

அன்றிலிருந்து டெட்டோல்தான். காலையும் மாலையும் ஊற்றிக் கழுவினேன். நாலாம் நாள் தோல் சிவந்தது, பிறகு சலமும் கடுத்தது. 'சூடு பிடிச்சிருக்கு மனே' என்று அம்மா இளநீர் வெட்டித் தந்தா. எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் வேற. ஒரு பாமசியில் 'சலக்கடுப்பு' என்று மட்டும் சொல்ல, டொக்டர் துண்டும் கேட்காமல் அன்டிபயோட்டிக் தந்தார்கள். ஐந்து நாளுக்கு என்றார்கள், மூன்று நாள் குடித்து விட்டுவிட்டேன்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பாலியல் நோய் கிளினிக் இருப்பது தெரியும். ஆனால் முதல் நாள் கல்லடிப் பாலத்தோடு திரும்பிவிட்டேன். அடுத்த நாள் உள்ளே போனால், சீனி வருத்தக் கொப்பியோடு எங்கள் ஒழுங்கைப் பெரியம்மா வாங்கில் இருக்கிறா.

'ஆரப் பாக்க வந்த மனே?'

'தோல் டொக்டரிட்ட. தேமல்.'

என் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

கிளினிக்கில் வேறு ஆஸ்பத்திரித் துண்டு எதுவும் கேட்கவில்லை, காசும் இல்லை. ஓர் இலக்கம் தந்தார்கள். டொக்டர் ஒரு பெண். எழும்பி ஓடலாமோ என்று இருந்தது. அவவோ கடைசியாக எப்போது, ஆணோடா பெண்ணோடா, எப்படி என்று எல்லாவற்றையும் பஸ் நேரம் விசாரிப்பதுபோலக் கேட்டு எழுதிக்கொண்டா. 'சலம் போய் எவ்வளவு நேரம்?' என்றா. பயத்தில் வாசலிலேயே போய்விட்டுத்தான் வந்திருந்தேன். சலம் போனால் சலக்குழாயில் இருக்கிறதெல்லாம் கழுவுப்பட்டுவிடுமாம், அதனால் மாதிரி எடுக்கக் காத்திருக்கச் சொன்னா. அந்த நேரத்தில் எனக்கு நானே எத்தனை நோய் வைத்தேன் என்று கணக்கில்லை.

மாதிரி எடுத்தது ஒரு நொடி எரிவு, அவ்வளவுதான். நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு கொனோரியா என்கிற பாலியல் நோய்க்கு ஒன்றும் தெரியவில்லை என்றா. முத்து வரிசை நோயே இல்லை, நிறைய ஆண்களுக்கு இயல்பாக இருப்பது, தொற்றவும் தொற்றாது.

'சரி, இந்தச் சிவப்பு? என்ன பூசினீங்க?'

டெட்டோல் என்றதும் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. 'பிதுக்கிப் பிதுக்கியும் பாத்தீங்கதானே? அதுதான் எரியுது. வெறும் தண்ணி போதும்.' பாமசி மருந்துக்குத்தான் நன்றாக ஏச்சு விழுந்தது. அரைகுறையாகக் குடித்தால் இருக்கிற கிருமியும் சோதனையில் அகப்படாமல் ஒளிந்து நிற்குமாம்.

சிபிலிசுக்கும் எச்ஐவிக்கும் இரத்தம் எடுத்தார்கள். சிபிலிஸ் புண் பொதுவாக வலிக்காது, தொற்றி 10 முதல் 90 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி. வலிக்கிறதே, கட்டாயம் அதுதான் என்றல்லவா நான் நினைத்திருந்தேன். முதல் முடிவு நல்லதாகத்தான் வந்தது. ஆனால் ஒரு மாதத்தில் எடுத்த இரத்தத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது, மூன்று மாதம் முடிய மறுபடி வாங்க, அதுவரை ஆணுறை இல்லாமல் வேண்டாம் என்றா. கலியாணப் பேச்சை ஆடிக்குப் பிறகு பார்ப்போம் என்று வீட்டில் சாட்டுச் சொன்னேன்.

மூன்று மாதம் முடிந்து எடுத்த சோதனையிலும் ஒன்றுமில்லை. துண்டை நாலாக மடித்துப் பேர்சுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வாசல் திண்ணையில் வாழைநாரால் கட்டிய குப்பைமேனி இலைக் கட்டு கிடக்கிறது.

'பெரியம்மா தந்துட்டுப் போறா. அரைச்சுப் பூசட்டாம்' என்றா அம்மா. 'எங்க மனே தேமல்?'