ஆசிட் டோனர் வாங்கட்டான்னு கேட்ட அக்கா பொண்ணுக்கு

போன ஞாயித்துக்கெழம எங்க அக்கா பொண்ணு ஆம்பூர்ல இருந்து போன் பண்ணா. "சித்தி, எல்லாரும் போடறாங்களே அந்த 7 பர்சன்ட் கிளைகோலிக் டோனர், ஆஃபர்ல கீது, வாங்கிடட்டா?"ன்னு. காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிறா, ரெண்டு கன்னத்துலயும் பரு வந்து போன கருப்புத் தழும்பு, அதுதான் அவளுக்கு பெரிய கவலை, கண்ணாடி பாக்கும்போதெல்லாம் அந்த எடத்தையே தடவிகினு இருப்பா. நான் வாங்குன்னும் சொல்லல வேணாம்னும் சொல்லல, ராத்திரி எழுதி அனுப்பறேன்னு போன வச்சிட்டேன். எழுத ஆரம்பிச்சா நீளமாயிடுச்சு, அதான் இங்கயே போடறேன், அவள மாதிரி கேக்கறவங்க இன்னும் பத்து பேராவது இருப்பாங்க.

நான் அந்த பாட்டில வாங்கினது பொங்கல் முடிஞ்ச கையோட. 240 மில்லி, ஆயிரம் ரூபாய்க்கு மேல ஆச்சு. சத்துவாச்சாரில வீடு, காட்பாடில ஆபீஸ், தெனம் ஸ்கூட்டில போய் வரேன், பாலாத்து பாலம் தாண்டறதுக்குள்ள மூஞ்சில தூசி ஒரு கோட்டிங் ஏறிடும். மூக்கும் நெத்தியும் எண்ணெ வழியும், கன்னம் வறண்டு கெடக்கும், தாடையில பழைய தழும்பு. ஒரு டோனர்லயே எல்லாம் சரியாயிடும்னு நெனச்சிதான் வாங்கினேன்.

மொதல்ல அது இன்னான்னு சொல்லிடறேன். டோனர்னா மூஞ்சி கழுவின பிறகு தடவற தண்ணி மாதிரி ஒண்ணு, இதுல கலந்திருக்கறது கிளைகோலிக் ஆசிட். கிளைகோலிக் ஆசிட் கரும்புல இருக்கற அமிலம், பாட்டில்ல வர்றது பெரும்பாலும் ஃபேக்டரில தயார் பண்றதுதான். ஏஹெச்ஏன்னு சொல்ற அமிலக் குடும்பத்துலயே இதுதான் ரொம்ப சின்ன மூலக்கூறு, எடை 76, லாக்டிக் ஆசிட் 90, மாண்டலிக் ஆசிட் 152. சின்னதா இருக்கறதால சுளுவா உள்ள எறங்கிடும், அதனாலயே எரிச்சலும் இதுலதான் ஜாஸ்தி. நம்ம தோலோட மேல் பரப்புல செத்த செல்லுங்க பதினஞ்சு இருவது வரிசை ஒட்டிகினு இருக்கும், அந்தப் பிடிய தளர்த்தி விடறதுதான் இதோட வேலை. அடியில பொறக்கற புது செல் மேல வந்து உதிர்றதுக்கு சுமாரா ஒரு மாசம் ஆகும், வயசு ஏற ஏற இன்னும் லேட்டாகும், அதனால எந்த ஆசிட்டும் ஒரு வாரத்துல தழும்ப எடுத்துடும்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. இந்த அமிலங்கள தோலுக்கு போட்டுப் பாத்து 1974ல அமெரிக்காவுல வான் ஸ்காட், யூன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க எழுதினப்ப, அவங்க பாத்தது பளபளப்பு இல்ல, மீன் செதில் மாதிரி தோல் உரியற இக்தியோசிஸ் நோய்க்கு மருந்து. ஒரு நோய்க்காக ஆரம்பிச்ச விஷயம்ங்கறத நான் மனசுல வச்சிக்கிறேன்.

எங்க நைனா ராணிப்பேட்டை பக்கம் தோல் ஷாப்புல, அதாவது தோல் பதனிடற எடத்துல, முப்பது வருஷத்துக்கு மேல வேலை பாத்தவரு, அதுல பாதி காலம் தோல உப்பும் ஆசிட்டும் போட்டு சுத்தற பிக்கிள் டிரம்மு பக்கம்தான். பாட்டில் வந்த அன்னிக்கு டேபிள் மேல வச்சிருந்தேன், கண்ணாடிய போட்டுகினு திருப்பித் திருப்பிப் படிச்சாரு.

"இன்னாம்மா இது, ஆசிட்னு போட்டுகீது, மூஞ்சிக்கா?"

"ஆமா நைனா, 7 பர்சன்ட்தான்."

"பர்சன்ட்ட வுடு. பிஹெச் இன்னா?"

பிஹெச்னா அமிலம் எவ்ளோன்னு காட்டற நம்பர், நம்பர் கொறைய கொறைய அமிலம் ஜாஸ்தி. எனக்கு பதில் தெரியல. எழுந்து போய் பீரோல இருந்து பழைய பிஹெச் பேப்பர் புக்க எடுத்துகினு வந்தாரு, தீப்பெட்டி அட்ட சைஸ்ல இருக்கும், மஞ்ச சீட்டு ஒண்ண கிழிச்சி ஒரு சொட்டு விட்டாரு. விட்ட ஒடனே சீட்டு ஆரஞ்சு கலரா மாறிச்சு. ட்யூப் லைட்டுக்கு கீழ போய் புக்கு பின்னாடி இருக்கற கலர் வரிசையோட ஒட்டி வச்சி பாத்து, "மூணரைக்கு மேல, நாலுக்குள்ள"ன்னாரு. அப்புறம் அந்த டோனர நெட்ல தேடினா 3.6 பக்கம்னுதான் இருந்துச்சு.

அப்புறம் ஒக்காந்து சொன்னாரு பாருங்க, அதுதான் இந்த எட்டு ஒம்போது மாசத்துல இந்த டோனர் பத்தி நான் கேட்டதுலயே உருப்படியான பேச்சு. பச்சத் தோல சுண்ணாம்புல போட்டு முடிய எடுப்பாங்க, அப்புறம் சுண்ணாம்ப கழட்டுவாங்க, அதுக்கப்புறம் டிரம்முல உப்பு போட்டு ஆசிட் ஊத்தி பிஹெச்ச மூணுகிட்ட எறக்குவாங்க, அப்பதான் தோல பதப்படுத்தற குரோம் உள்ள ஏறும். உப்பு மொதல்ல போகணும், உப்பில்லாம ஆசிட் போனா தோலு உளுந்து ஊறின மாதிரி ஊதிக்கும். ஆசிட்டயும் தண்ணில கலக்கி ரெண்டு மூணு தபாவா பிரிச்சிதான் ஊத்துவாங்க, ஒரே தபாவா ஊத்தினா கிரெய்ன்னு சொல்ற தோலோட மேல் பரப்பு கெட்டுடும். தோலு தடிச்ச எடத்துல ஒரு வெட்டு வெட்டி, ஆசிட் பட்டா கலர் மாறற இன்டிகேட்டர் ஒரு சொட்டு விட்டா, நடு வரைக்கும் மஞ்சளாச்சுன்னா ஆசிட் முழுசா எறங்கிடுச்சுன்னு அர்த்தம்.

"அது செத்த தோலு, அதுக்கே நாங்க அப்டி பாத்துப் பாத்து செய்வோம். உன்னுது உசுரோட கீது."

அவர் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. 7 பர்சன்ட்னு பாட்டில்ல எழுதியிருந்தாலும் தோலுல வேல செய்யறது அதுல அமிலமாவே இருக்கற பங்குதான், மீதி உப்பா மாறி சும்மா கெடக்கும். பிஹெச் 3.6ல பாதிக்கு மேல அமிலமா இருக்கும், அதே 7 பர்சன்ட்ட 4.5ல வச்சா ஆறுல ஒரு பங்குதான். நம்ம தோலோட சொந்த பிஹெச்சே ஏறக்கொறைய அஞ்சு. அமெரிக்காவுல அழகு சாதனப் பொருளுங்கள பரிசீலிக்கற நிபுணர் குழு வீட்ல போடறதுக்கு 10 சதவீதத்துக்கு மேல வேணாம், பிஹெச் 3.5க்கு கீழ போக வேணாம், வெயில்ல இருந்து பாதுகாப்பு கட்டாயம்னு சொல்லுது. ஆக இந்த பாட்டில் அந்த வரம்புக்கு உள்ளதான் இருக்கு, ஆனா ஓரத்துல நிக்குது.

நைனா சொன்னத கேட்டுட்டும் நான் தெனம் ராத்திரி போட்டேன். பாட்டில்லயும் தெனம் ஒரு வேளைன்னுதான் போட்டிருந்துச்சு. மொத வாரம் நெஜமாவே நல்லா இருந்துச்சு, அத மறைக்கக் கூடாது. கன்னத்த தொட்டா சின்னக் குழந்த கன்னம் மாதிரி வழவழன்னு, பவுடர் போட்டா திட்டு திட்டா நிக்காம சமமா ஒக்காந்துச்சு. ரெண்டாவது வாரத்துல மூக்கு ஓரமா லேசா எரிய ஆரம்பிச்சுது, மூஞ்சி கழுவி தொடச்சா இழுத்துப் புடிக்கும். அப்பவே நிறுத்தியிருக்கணும்.

பிப்ரவரில ஒரு வெள்ளிக்கெழம. மறுநாள் ஃப்ரெண்டு வீட்டு ரிசப்ஷன், சாயந்தரம் பார்லர் போய் புருவமும் மேல் ஒதடும் த்ரெட்டிங் பண்ணிட்டு வந்தேன். ராத்திரி பழக்கத்துல டோனர கையில ஊத்தி மூஞ்சி பூரா தட்டிட்டேன், மேல் ஒதடு உட்பட. மொளகா அரைச்ச கைய வச்ச மாதிரி சுரீர்னு பிடிச்சுது. அப்பவே தண்ணி விட்டு கழுவியிருந்தா இவ்ளோ ஆயிருக்காது, ஆசிட்னா கொஞ்சம் எரியத்தான் செய்யும், வேல செய்யுதுன்னு நெனச்சி ஃபேன் கீழ படுத்துட்டேன். காலைல செவந்து வீங்கியிருந்துச்சு, மூணாம் நாள் மெல்லிசா பொருக்கு தட்டிச்சு, பொருக்கு விழுந்த எடத்துல காஃபி கலர்ல ஒரு பட்ட. மேல் ஒதட்டுக்கு மேல, சரியா நூல் ஓடின எடம் பூரா. ஆபீஸ்ல ஒருத்தர் விடாம கேட்டாங்க. ஒரு மாசம் மாஸ்க் போட்டுகினு போனேன், சாப்பிடும்போது மட்டும் எறக்குவேன், அதுவும் தனியா ஒக்காந்து. அந்த நாளுங்கள நெனச்சா இப்பவும் வலிக்குது.

தோல் டாக்டர்கிட்ட போனப்ப அவங்க பாத்த ஒடனே சொல்லிட்டாங்க. நம்ம மாதிரி மாநெறம், கருப்பு தோலுல எந்தக் காயம், எந்த எரிச்சல் பட்டாலும் அது ஆறும்போது மெலனின்ங்கற கருப்பு நிறமி அங்க கொட்டி கருப்பா நின்னுடும், பருத் தழும்பும் அதேதான், இந்தப் பட்டையும் அதேதான். கருப்பு போகணும்னு போடற ஆசிட் எரிச்சல் குடுத்தா அதுவே புதுசா கருப்பு குடுக்கும். நாலு வாரம் டோனர், சீரம் எல்லாத்தயும் நிறுத்து, மைல்டான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், இது மூணு மட்டும்னு எழுதிக் குடுத்தாங்க. மெடிக்கல்ல கெடைக்கற ஸ்டீராய்டு கலந்த க்ரீம் எதையும் கேட்டு வாங்கிடாதன்னு தனியா சொன்னாங்க, அத போட்டு மூஞ்சித் தோலு மெலிஞ்சி ரத்தக் குழாய் தெரிய வர்றவங்க நெறைய பேராம். பட்ட முழுசா மறைய ஜூன் ஆயிடுச்சு.

வெயில பத்தி சொல்லாம இந்த டோனர பத்தி பேசவே கூடாது, அதுவும் வேலூர்ல ஒக்காந்துகினு. கத்திரி வெயில்ல காலைல ஒம்போது மணிக்கே கிரீன் சர்க்கிள் சிக்னல்ல நிக்க முடியாது, கோட்டைய சுத்தி இருக்கற கல்லு ராத்திரி வரைக்கும் அனல் அடிக்கும். அமெரிக்காவுல மருந்தயும் அழகு சாதனத்தயும் கண்காணிக்கற அரசு அமைப்பு எஃப்டிஏ, அவங்க சொல்ற ஒரு பரிசோதனைல, 10 சதவீத கிளைகோலிக் ஆசிட்ட பிஹெச் 3.5ல நாலு வாரம் போட்டவங்களுக்கு புற ஊதாக் கதிரால தோல் செவக்கற தன்மை 18 சதவீதம் கூடிச்சு, செல்லுங்களுக்கு ஆன சேதம் சராசரியா ரெண்டு மடங்கு. நிறுத்தி ஒரு வாரத்துல பழைய நெலைக்கு வந்துடுச்சுன்னும் சொல்றாங்க. அதனாலதான் 2005ல, போடற காலத்துலயும் நிறுத்தின பிறகு ஒரு வாரமும் சன்ஸ்கிரீன் போடணும்னு லேபிள்ல எழுதச் சொன்னாங்க. ராத்திரிதானே போடறேன், காலைல கழுவிடறேனேன்னு நானும் நெனச்சவதான். கழுவினா ஆசிட் போயிடும், அது மெலிசாக்கி விட்ட தோலு அப்படியேதான் இருக்கும்.

சன்ஸ்கிரீன் எவ்ளோ போடணும்னா ஆள்காட்டி வெரலும் நடு வெரலும் நீளத்துக்கு ரெண்டு கோடு, மூஞ்சிக்கும் கழுத்துக்கும் சேத்து. பட்டாணி அளவு எடுத்து தடவினா அது போட்ட கணக்குல வராது. ஒழுங்கா போட்டா 50 கிராம் ட்யூப் ஒரு மாசம், மிஞ்சிப் போனா ஒன்ற மாசம்தான் வரும். டோனர் பாட்டில் மாசக்கணக்கா வருது, சன்ஸ்கிரீன்தான் காசு. அந்த செலவ மாசா மாசம் பண்ண முடியாதவங்க இந்த டோனர தொடவே வேணாம்னு நான் அழுத்திச் சொல்வேன். இருக்கற காச சன்ஸ்கிரீன்ல போட்டாலே தழும்பு கொஞ்சம் கொஞ்சமா மங்கும், வெயில் படாம இருந்தா அது மேல மேல கருக்காது இல்லயா.

எங்க பெரியம்மா எலுமிச்சம்பழம் தேய்ன்னு சொல்வாங்க. எலுமிச்ச சாறு பிஹெச் ரெண்டு சொச்சம், பிஹெச்ல ஒரு நம்பர் கொறஞ்சா பத்து மடங்கு புளிப்பு ஜாஸ்தின்னு கணக்கு, அதையும் தேச்சிகினு வெயில்ல போனா கொப்புளமே வரலாம். தயிர் அவ்ளோ மோசமில்ல, பெருசா எதுவும் செய்யாது அவ்ளோதான். தோலோட பிஹெச்ச சரி பண்ண டோனர் வேணும்னு விளம்பரத்துல சொல்றது சோப்பு காலத்துப் பேச்சு. கட்டி சோப்பு பிஹெச் ஒம்போது பத்து, எங்க ஏரியா போர் தண்ணி வேற உப்பு, அப்ப ஒரு அர்த்தம் இருந்துச்சு, இப்ப மைல்டான ஃபேஸ்வாஷ் போடறவங்களுக்கு அது தேவையே இல்ல, தோல் தானாவே சில மணி நேரத்துல சரி பண்ணிக்கும்.

மூக்கு மேல இருக்கற கரும்புள்ளிக்கும் நான் இத நம்பி ஏமாந்தேன். கிளைகோலிக் தண்ணில கரையறது, எண்ணெ அடைச்ச துவாரத்துக்குள்ள அவ்ளோவா போகாது. அதுக்கு எண்ணெயில கரையற சாலிசிலிக் ஆசிட், 2 சதவீதம் வரைக்கும், அதுதான் சரி. பருக் குழிக்கு ரெண்டுமே உதவாது, அது டாக்டர் வேலை.

ஜூலைல இருந்து மறுபடி போடறேன், ஆனா வேற மாதிரி. மூஞ்சிக்கு வாரம் ஒரு ராத்திரி, ஞாயித்துக்கெழம மட்டும், கழுவி நல்லா காஞ்ச பிறகு, கண்ணு ஓரம், மூக்கு மடிப்பு, ஒதட்டு ஓரம் எல்லாம் விட்டுட்டு. காட்டன் வேணாம், காட்டன் பாதி குடிச்சிடும், கையில நாலஞ்சு சொட்டு போதும். அதுக்கு மேல மாய்ஸ்சரைசர். த்ரெட்டிங், வேக்சிங், ப்ளீச் எது பண்ணாலும் அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சேத்து ஒரு வாரம் பாட்டில எடுக்கறதில்ல. ரெட்டினால்ங்கற வைட்டமின் ஏ க்ரீம் போடற ராத்திரில இது கெடையாது. இப்ப எரிச்சல் இல்ல, மூஞ்சில பெரிய மாத்தமும் இல்ல, தொட்டா வழவழப்பு இருக்கு, அவ்ளோதான். நெஜமா பலன் தெரிஞ்சது முழங்கையிலயும் கழுத்துக்குப் பின்னாடியும். முழங்கை கருப்பா சொரசொரன்னு இருந்தது, வாரம் மூணு நாள் ரெண்டு மாசம் போட்டதுல சொரசொரப்பு சுத்தமா போயிடுச்சு, கருப்பும் கொஞ்சம் கொறஞ்சிருக்கு. நைனா தன்னோட பித்தவெடிப்பு குதிகாலுக்கு போடலாமான்னு கேட்டாரு, வெடிப்பு தெறந்திருக்கற எடத்துல ஆசிட் வேணாம்னு நான்தான் இந்தத் தடவ அவருக்கு சொன்னேன்.

காசுக்கு ஏத்ததான்னு கேட்டா, முழங்கைக்கும் கழுத்துக்கும் ஆமா. மூஞ்சிக்கு, அதுவும் பருத் தழும்புக்கு, எனக்கு இல்ல. பாட்டில் முடிஞ்சா மறுபடி வாங்க மாட்டேன், மூஞ்சிக்குன்னா லாக்டிக் ஆசிட் 5 சதவீதத்துக்கு மாறிடுவேன்.

கண்ணு, உனக்கு இன்னும் புதுசா பரு வந்துகினுதான் இருக்கு, அது நிக்காம தழும்ப தொரத்தி பிரயோஜனம் இல்ல. அதனால ஆஃபர் முடிஞ்சா முடியட்டும், வாங்காத. வர்ற சனிக்கெழம இங்க வா, அந்த டாக்டர்கிட்ட நானே கூட்டினு போறேன். வரும்போது இப்ப போடற ஃபேஸ்வாஷ், க்ரீம் எல்லாத்தயும் ஒரு கவர்ல போட்டு எடுத்துகினு வா, அவங்க கேப்பாங்க. சன்ஸ்கிரீன் ரெண்டு ட்யூபு வாங்கி வச்சிருக்கேன், ஒண்ணு உனக்கு.