700-க்கு ஒரு சிசி குறைவு

என்னிடம் இருக்கும் 1985 யமஹா விராகோவின் எஞ்சின் 699 சிசி. 700 இல்லை, 750 இல்லை, 699. விற்பனை விளம்பரத்தில் பார்த்தபோது எழுத்துப் பிழை என்றுதான் நினைத்தேன். வாங்குவதற்கு முன்பே அந்த எண்ணைத் தோண்டப் போய், கடைசியில் அதற்காகவே வண்டியை வாங்கினேன்.

விராகோ 1981-இல் 750-ஆக வந்த வண்டி. ஜப்பான்காரர்கள் அமெரிக்க ரசனைக்கென்றே செய்த தாழ்ந்த சீட், உயர்ந்த ஹேண்டில்பார், இரண்டு சிலிண்டரும் வி வடிவில் நிற்கும் வி-ட்வின் எஞ்சின். அப்போது அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் நொடித்துப்போகும் நிலையில் இருந்தது. ஜப்பான் வண்டிகள் சந்தையில் குவிகின்றன, காப்பாற்றுங்கள் என்று அரசிடம் போனார்கள். 1983 ஏப்ரலில் ரீகன் அரசு, 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி வண்டிகளுக்கான வரியை 4.4 சதவீதத்திலிருந்து 49.4 சதவீதமாக ஏற்றியது. ஜப்பான்காரர்கள் அலட்டிக்கொள்ளவில்லை. எஞ்சினைச் சிறிதாக்கிவிட்டார்கள். விராகோ 750 போய் 1984-இல் விராகோ 700 வந்தது. ஹோண்டா ஷேடோவுக்கும் அதே கதைதான். இரண்டுமே வரிக் கோட்டுக்குச் சற்று இந்தப் பக்கம்.

நான் இருப்பது பென்சில்வேனியாவில், ஹாரிஸ்பர்க் பக்கம். ஹார்லியின் பெரிய ஆலை ஒன்று இருக்கும் யார்க் நகரம் இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள். ஹார்லியைக் காக்க எழுப்பிய வரிச் சுவர் இருக்கிறதே, அந்தச் சுவரைத் தாண்டிய வண்டியில் ஒருநாள் அங்கே போய் நிற்க வேண்டும் என்று ஓர் அற்ப ஆசை. இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் ஆர்எக்ஸ்100 வந்ததும் அதே 1985-இல்தான். சித்தப்பாவின் ஆர்எக்ஸ்100 பெட்ரோல் டேங்கில் உட்கார்ந்து வளர்ந்தவன் நான்.

வண்டி கார்லைல் பக்கம் ஒரு பண்ணை வீட்டுக் கொட்டகையில் நின்றது. பெரியவர் பத்து வருடமாக எடுக்கவில்லை என்றார். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட கடைசி நான்கு எண்கள் 2308. அப்படியென்றால் 2008-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் விரல் நகத்தால் அழுத்தினால் கல். டேங்க் மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாசனை இல்லை, பழைய வார்னிஷ் நெடி. ஐந்தாவது கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளிப் பார்த்தேன். எஞ்சின் சுற்றியது. அது போதும், ஜாம் ஆகவில்லை. செயினுக்குப் பதில் ஒரு தண்டு பின்சக்கரத்தைச் சுற்றும் ஷாஃப்ட் டிரைவ் என்பதால் செயின், ஸ்ப்ராக்கெட் பற்றிய கவலையும் இல்லை. 900 டாலர் கொடுத்தேன். ஒரு வாடகை டிரெய்லரில் ஏற்றி வந்தேன். மனைவி கராஜ் கதவில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள்.

காகித வேலை நான் பயந்த அளவுக்கு இல்லை. இங்கே விற்பவர் நோட்டரி முன்னால் டைட்டிலில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தில், கையெழுத்துப் போட வேண்டும். அதனால் இருவரும் சேர்ந்தே போனோம். 6 சதவீத விற்பனை வரி. 25 வயது தாண்டிய வண்டி என்பதால் ஆன்டிக் பிளேட், அதாவது பழங்கால வண்டிக்கான நம்பர் பிளேட், வாங்கிக்கொள்ளலாம், வருடாந்தரச் சோதனை கிடையாது என்று நோட்டரிப் பெண்மணி ஆசை காட்டினார். ஆனால் அந்தப் பிளேட் போட்டால் வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் சாதாரண உபயோகத்துக்கு எடுக்கக் கூடாது. ஆபீசுக்கும் எடுத்துப் போக நினைத்தேன். சாதாரண நம்பரே போதும் என்றேன்.

குளிர்காலம் முழுக்க கராஜில்தான். வண்டியின் மொத்த நோயும் டேங்கிலும் கார்புரேட்டரிலும் ரப்பரிலும் இருந்தது. இரும்பு எதுவும் கெடவில்லை. டேங்கில் வினிகர் நிரப்பி இரண்டு நாள் வைத்து, ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் அலசினேன். துரு செந்நிறக் குழம்பாக வந்தது. கார்புரேட்டர்தான் படுத்தியது. இரண்டு ஹிட்டாச்சி கார்புரேட்டர்கள், இரண்டு சிலிண்டருக்கும் நடுவே அந்த வி-யின் பிளவில் செருகிக்கொண்டு இருக்கின்றன. கழற்ற ஒரு சனிக்கிழமை போனது. முதல் ஸ்க்ரூவிலேயே தலை தேய்ந்துவிட்டது. இது நான் கொடுத்த தட்சணை. ஜப்பான் வண்டிகளில் இருக்கும் நட்சத்திர ஸ்க்ரூ சாதாரண நட்சத்திர ஸ்க்ரூ அல்ல. ஜேஐஎஸ் என்று ஜப்பானுக்கே உரிய தனி அளவு. வெளியே பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும், நம் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுசாக உட்காராமல் வழுக்கும். அதற்கென்று உள்ள ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்கிய பிறகு மீதி எல்லாம் வெண்ணெய் மாதிரி கழன்றன. பழைய ஜப்பான் வண்டி வாங்கப்போகிறவர்கள் வண்டிக்கு முன்னால் அதை வாங்கிவிடுங்கள்.

ஃப்ளோட் கிண்ணத்தில் பெட்ரோல் காய்ந்து பச்சைப் பிசினாக ஒட்டியிருந்தது. குறைந்த வேகத்தில் பெட்ரோல் விடும் நுண்துளைக் குழாய்களான ஸ்லோ ஜெட் இரண்டும் அடைப்பு. ஈரோட்டில் சித்தப்பாவின் வண்டியைப் பார்த்த மெக்கானிக் அண்ணனுக்கு வாட்ஸப்பில் வீடியோ கால் போட்டேன். அங்கே சாயங்காலம், இங்கே விடிகாலை. அவர் ஜெட்டைப் பார்த்ததும் முதலில் சொன்னது: "குண்டூசி விட்றாத தம்பி. ஓட்டை பெருசாயிரும். ஒயர்ல ஒரு செம்பு இழை உருவி அத விடு." அப்புறம் கருப்பு ரப்பர் டயஃப்ரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னார். இவ்வகைக் கார்புரேட்டரில் எஞ்சின் இழுக்கும் வெற்றிடம்தான் அந்த ரப்பர் வழியாக, காற்று போகும் வழியைத் திறக்கும் ஸ்லைடை மேலே தூக்குகிறது. ஊசித் துளை இருந்தால் ஸ்லைடு ஏறாது, வண்டி இழுக்காது. நாற்பது வருட ரப்பரில் ஒரு துளை இல்லை. அவருக்கே ஆச்சரியம்.

பிப்ரவரியில் புது பேட்டரி, புது பெட்ரோல். செல்ஃபை அழுத்தினேன். மூன்றாவது தடவை பிடித்தது, பிடித்ததுமே 3,000 ஆர்பிஎம்மில் அலறியது. ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகிப் பார்த்தும் இறங்கவில்லை. போனை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்தேன். ஒரு பத்து நொடி கேட்டார். "ஏர் இழுக்குது தம்பி." அவ்வளவுதான். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயைச் சுற்றி கார்ப் கிளீனரைப் பீய்ச்சினேன். சத்தம் மாறியது. ஓட்டை அங்கேதான். கழற்றி மடக்கிப் பார்த்தால் உள்ளே கரிசல் மண் மாதிரி வெடிப்பு. இரண்டையும் மாற்றினேன்.

ஒரே ஒரு இடத்தில் அண்ணன் கையை விரித்தார். இரண்டு கார்புரேட்டரையும் சமமாக இழுக்கச் செய்வது அவர் பார்க்காத வேலை. அவர் வாழ்க்கை முழுக்க ஒற்றை சிலிண்டர். அதற்கு வெற்றிடத்தை அளக்கும் வேக்குவம் கேஜ் வேண்டும். நான் வாங்கவில்லை. ஒரு நீளமான ஒளி ஊடுருவும் டியூபில் கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயிலை ஊற்றி, யு வடிவில் தொங்கவிட்டு, இரு முனைகளையும் இரண்டு இன்டேக்கிலும் மாட்டினேன். எந்தப் பக்கம் அதிகம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் ஆயில் ஏறும். சமமாக நிற்கும் வரை ஸ்க்ரூவைத் திருக வேண்டும். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப்தான், வேறொன்றும் இல்லை. காட்டியதும் அண்ணன் சிரித்தார். "வீடு கட்றியா, வண்டி ஓட்றியா?"

வால்வு கிளியரன்ஸ் பார்த்தேன், கியர் ஆயில் மாற்றினேன், எஞ்சின் ஆயிலும் மாற்றினேன். ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டில் கசிவைத் தடுக்கப் போடும் வாஷர் புதிது கையில் இல்லை. பழையதையே துடைத்துப் போட்டேன்.

ஏப்ரலில் லைசென்ஸ். பென்சில்வேனியாவில் வசிப்பவர்களுக்கு மோட்டார் சைக்கிள் பயிற்சி வகுப்பு இலவசம், அதில் தேறினால் லைசென்சுக்குத் தனித் தேர்வு வேண்டாம். ஊரில் பதினைந்து வருடம் ஓட்டியவன் என்ற திமிரோடு போனேன். பெயிண்ட் அடித்த கட்டத்துக்குள் யு-டர்ன் போடச் சொன்னார்கள்; காலை ஊன்றினேன். வண்டி திரும்பும் பக்கம் தலையைத் திருப்பாமல் முன் சக்கரத்தையே பார்க்கிறாய் என்றார் பயிற்சியாளர். ஈரோடு பஸ் ஸ்டாண்டு பழக்கம் அது, பள்ளம் பார்த்து ஓட்டியது. இங்கே 21 வயது தாண்டி இந்த வகுப்பில் தேறினால் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டச் சட்டம் விடுகிறது. எங்கள் வீட்டுச் சட்டம் விடவில்லை.

வருடாந்தரச் சோதனையில் முதல் முறை தோல்வி. முன் பிரேக் பிடித்தால் பின் விளக்கு எரியவில்லை. எட்டு டாலர் சுவிட்ச். ஒரு வாரம் கழித்துப் போய் ஸ்டிக்கர் வாங்கினேன்.

ஓட்ட எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: 200 கிலோவுக்கு மேல் எடை, நிறுத்தத்தில் தெரியும், நகர்ந்ததும் மறந்துவிடும். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் ஷாஃப்ட் டிரைவின் விசையால் பின்பக்கம் ஓர் அங்குலம் எழும்புகிறது, விட்டால் தாழ்கிறது. முதல் நாள் பயமாக இருந்தது, இப்போது பிடித்திருக்கிறது. பின்னால் டிரம் பிரேக். இன்றைய வண்டி நினைப்பில் முன்னால் போகிறவரை ஒட்டிப் போகக் கூடாது. மணிக்கு 55 மைலில் எஞ்சின் நிதானமாகத் துடிக்கும். 70-க்கு மேல் காற்று நெஞ்சைத் தள்ளும். நெடுஞ்சாலைக்கு இது சரிப்படாது.

அதனால் யார்க்குக்கு ஜூனில் ஒரு சனிக்கிழமை காலை 74-ஆம் எண் பழைய சாலையில் போனேன். டில்ஸ்பர்க், டோவர், இரண்டு பக்கமும் முழங்கால் உயரச் சோளம். ஹார்லிக்காரர்கள் எதிரே வரும்போது இடது கையைத் தாழ்த்திக் காட்டினார்கள். ஜப்பான் வண்டி என்று யாரும் கையை மடக்கிக்கொள்ளவில்லை. 1987 மே மாதம் ரீகனே வந்து பேசிய ஆலை யார்க் ஆலை. ஐந்து வருடத்துக்குப் போட்ட வரியை, இனி எங்களுக்கு வேண்டாம் என்று ஹார்லியே முன்கூட்டிச் சொன்ன வருடம். அடுத்த வருடமே விராகோ மறுபடி 750 ஆகிவிட்டது. 699-இன் ஆயுள் அவ்வளவுதான்.

ஆலையின் பெயர்ப்பலகை தெரியும்படி சாலையோரம் வண்டியை நிறுத்தி, போட்டோ எடுத்து, மேலே சொன்ன வரிக்கதை முழுவதையும் வாய்ஸ் மெசேஜில் சொல்லி ஈரோட்டுக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

"அதெல்லாம் சரி தம்பி. போட்டோவ பெருசு பண்ணிப் பாரு. எஞ்சினுக்குக் கீழ ரோட்டுல கருப்பா ஒரு பொட்டு தெரியுதே. வாஷர் மாத்துனியா இல்லியா?"

குனிந்து பார்த்தேன். சொட்டிக்கொண்டுதான் இருந்தது.