ரூட்டுக்கு வந்த தபால்

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் சித்தப்பா நடத்தும் பிரஸ்ஸில், பேப்பர் ரீம் அடுக்கிய ரேக்குக்கு மேலே ஒரு பழைய டெஸ்க்டாப் பெட்டி இருக்கிறது. எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்டில் நான்தான் வாங்கி வந்தேன். மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது, இரண்டு நெட்வொர்க் கார்டு, 16 ஜிபி எஸ்எஸ்டி, அவ்வளவுதான். அதில் விண்டோஸ், லினக்ஸ் மாதிரி இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டமான ஓபன்பிஎஸ்டி ஓடுகிறது. கடைக்கு வருகிறவர்கள் ஆளாளுக்கு வைஃபை பாஸ்வேர்டு கேட்டு, போனிலிருந்து டிசைன் ஃபைல் அனுப்பி, அதே நெட்டில் சித்தப்பாவின் ஜிஎஸ்டி கணக்கும் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்து பயந்து போய்தான் அந்தப் பெட்டியை நடுவில் வைத்தேன். கஸ்டமர் வைஃபை ஒரு பக்கம், டிசைன் கம்ப்யூட்டர்கள் ஒரு பக்கம், நடுவில் பிஎஃப் என்கிற ஃபயர்வால். கூடவே அன்பவுண்ட் என்கிற சாஃப்ட்வேரைப் போட்டு, வெப்சைட் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் வேலையையும் அதன் தலையிலேயே கட்டினேன்.

2024 அக்டோபர் 9, புதன்கிழமை காலை ஏழு மணிக்கு சித்தப்பா போன். "டேய், ராத்திரி கரண்ட் போச்சு. வந்துடுச்சு. நெட்டு மட்டும் வரல." யுபிஎஸ் பேட்டரி செத்து மாதக்கணக்காகிறது, மாற்றுகிறேன் மாற்றுகிறேன் என்று தள்ளிப்போட்டது நான்தான். ஐப்பசி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை ஆர்டர் குவிந்திருக்கிற நேரம். ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன்.

பெட்டி நான் நினைத்த இடத்தில்தான் நின்றிருந்தது. திடுமென அணைந்ததில் ஃபைல் சிஸ்டம் கொஞ்சம் குழம்பி, டிஸ்கைச் சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே தானாகச் சரிசெய்யத் துணியாமல், 'நீயே வந்து ஓட்டு' என்று சொல்லிவிட்டு ஷெல்லைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. ராத்திரி முழுக்க அப்படியே. இந்த குணம் எனக்குப் பிடிக்கும், தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாது. மானிட்டர் இல்லாத பெட்டியில், ஏழு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும்போது கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். எஃப்எஸ்சிகே ஓட்டினேன், கேட்டதற்கெல்லாம் 'ஒய்' கொடுத்தேன், ரீபூட். மானிட்டரில் நீலப் பட்டையில் வெள்ளை எழுத்து ஓட ஆரம்பித்ததும் பின்னால் நின்ற சித்தப்பா பதறிவிட்டார். "நீலமா வருதே, போச்சா?" இல்லை சித்தப்பா, இதில் கெர்னல், அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதி, பேசினால் நீலத்தில்தான் வரும், விண்டோஸ் நீலம் வேறு, இது வேறு. அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

நெட் வந்துவிட்டது. அத்தோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகக் கணக்கில், லாகின் ஆனபோது, வழக்கமாகக் கண்ணில் படாத அந்த ஒரு வரி பட்டது: புது மெயில் இருக்கிறது.

நானூறுக்கு மேல். பாதி, ராத்திரி ஓடும் தினசரி அறிக்கை. மீதி முழுக்க, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான் அனுப்பியது, எல்லாவற்றிலும் ஒரே விஷயம். 'பேட்ச் (சிஸ்டத்துக்கான திருத்தம்) போட முயன்றேன், டிஸ்கில் இடமில்லை, கைவிட்டேன்.' மறுநாள் அதே. அடுத்த நாள் அதே. பிப்ரவரி நடுவில் ஆரம்பித்து அக்டோபர் வரை ஒரு ராத்திரி விடாமல் அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, நான் கேட்கவில்லை. ரூட்டுக்கு வரும் மெயிலை என் விலாசத்துக்குத் திருப்பிவிட ஏலியஸஸ் ஃபைலில் ஒரு வரி போதும். நிறுவிய அன்றைக்கு 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டது.

இடம் எங்கே போனது என்று பார்த்தால் அதுவும் என் கைங்கர்யம்தான். எப்போதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்வக்கோளாறில் மொத்த சோர்ஸ் கோடையும் யூஎஸ்ஆர் பார்ட்டிஷனில் இறக்கி, இரண்டு ஃபைலைப் பார்த்துவிட்டு அப்படியே மறந்திருக்கிறேன். 16 ஜிபி பெட்டியில்!

இந்த பேட்ச் சமாச்சாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஓபன்பிஎஸ்டியில் ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு. கடைசி இரண்டு வெளியீடுகளுக்கு மட்டும்தான் பேட்ச் வரும், அதற்கு முந்தையது அனாதை. 2017-இல் 6.1 வரும் வரைக்கும் திட்டத்தின் பக்கமிருந்து பைனரி பேட்சே கிடையாது. திருத்தத்தை சோர்ஸாகத் தருவார்கள், அந்த ஃபைலின் தலையிலேயே எப்படிப் போட வேண்டும் என்று நாலு வரி இருக்கும், நாம் கம்பைல் செய்துகொள்ள வேண்டும். பழைய பெட்டியில் கெர்னல் கம்பைலைப் போட்டுவிட்டு ஒரு டீ, ஒரு மசால்தோசை, இன்னொரு டீ முடித்து வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். 6.1-இல் சிஸ்பேட்ச் வந்தபிறகு ஒரு சொல் அடித்தால் போதும்: இறக்கும், ஃபைல் உண்மையில் திட்டத்திடமிருந்துதான் வந்ததா என்று காட்டும் சிக்னிஃபை டிஜிட்டல் கையெழுத்து சரியா என்று பார்க்கும், போடும், பிடிக்கவில்லை என்றால் கழற்றுவதற்கு வசதியாகப் பழைய ஃபைல்களை வார் பார்ட்டிஷனில் பத்திரமாக வைத்துக்கொள்ளும். அந்தக் கையெழுத்து ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. அடுத்த வெளியீட்டைச் சரிபார்க்கும் சாவி இப்போதைய வெளியீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது, புதுசாக யாரையும் நம்ப வேண்டியதில்லை.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் தலையில் ஒரு முத்திரை இருக்கும். பெரும்பாலும் ஒன்று 'செக்யூரிட்டி ஃபிக்ஸ்', இல்லாவிட்டால் 'ரிலையபிலிட்டி ஃபிக்ஸ்'. முதலாவது, யாரோ உள்ளே புகுந்துவிடலாம் என்கிற வகை. இரண்டாவது, பெட்டி தொங்கும், விழும், தப்பாக நடந்துகொள்ளும் என்கிற வகை. விடுபட்ட பட்டியலைப் பார்த்ததும் என் கண் தானாக அந்த முத்திரையைத்தான் தேடியது. ரிலையபிலிட்டி என்றிருந்தால் அப்பாடா. திரையில் விண்டோக்களைக் காட்டும் எக்ஸ் சர்வர் என்றிருந்தாலும் அப்பாடா, மானிட்டரே இல்லாத பெட்டிக்கு எக்ஸ் எதற்கு? நல்ல பழக்கம் இல்லை, ஆனால் அப்படித்தான் பார்த்தேன்.

அப்புறம் பிப்ரவரி 13 தேதியிட்டதைப் பார்த்தேன். கீட்ராப். டிஎன்எஸ் பதில்கள் போலியில்லை என்று கையெழுத்து வைத்துச் சரிபார்க்கும் டிஎன்எஸ்செக் வடிவமைப்பிலேயே இருபது வருஷத்துக்கு மேல் ஒளிந்திருந்த ஓட்டை, ஜெர்மனியில் ஒரு ஆராய்ச்சிக் குழு கண்டுபிடித்தது. வேண்டுமென்றே குழப்பமாகக் கட்டிய ஒரே ஒரு பதில் பாக்கெட்டை அனுப்பினால், கையெழுத்தையும் சாவியையும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தே டிஎன்எஸ் சர்வர் களைத்துவிடும். பைண்ட் என்கிற டிஎன்எஸ் சர்வரை அப்படி 16 மணி நேரம் வரைக்கும் முடக்க முடிந்ததாம். அன்பவுண்டும் அந்தப் பட்டியலில் உண்டு, சித்தப்பா பெட்டியில் ஓடுவதும் அன்பவுண்ட்தான். யாரும் உள்ளே புக முடியாது, எதையும் திருட முடியாது, நெட் நின்றுபோகும், அவ்வளவுதான். நியாயமாகப் பார்த்தால் இது ரிலையபிலிட்டி. முத்திரை என்னவோ செக்யூரிட்டி.

இதன் தலைகீழ் கதை 2007-இல் நடந்தது. அதைத் தெரிந்துகொண்டே நான் முத்திரை பார்த்து அப்பாடா சொன்னதுதான் வெட்கம்.

அந்த வருஷம் பிப்ரவரியில் கோர் செக்யூரிட்டி என்கிற பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த அல்ஃபிரெடோ ஒர்டேகா என்பவர், துண்டு துண்டாக வரும் ஐசிஎம்பி-6 (நெட்வொர்க்கின் நிலையைச் சொல்லும் செய்திகள்) பாக்கெட்டுகளை ஓபன்பிஎஸ்டி கெர்னல் கையாள்வதில் ஒரு தவறைக் கண்டுபிடித்தார். எம்பஃப் என்று சொல்லப்படும் நினைவகத் துண்டு ஒன்று நிரம்பி வழிகிறது. ஒரு வாரத்துக்குள் திருத்திவிட்டார்கள், அந்த வேகத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பெட்டி விழும், வேறொன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டு 'ரிலையபிலிட்டி ஃபிக்ஸ்' என்று முத்திரை குத்தினார்கள். மார்ச் முதல் வாரத்தில் கோர் ஆட்கள் அதே தவறை வைத்து, தூரத்திலிருந்து கெர்னலுக்குள்ளேயே தங்கள் கோடை ஓட்டிக் காட்டினார்கள். இரண்டு நாளில் முத்திரை 'செக்யூரிட்டி ஃபிக்ஸ்' ஆனது. கூடவே, நிறுவியபடியே விட்ட சிஸ்டத்தில் தூரத்திலிருந்து புகக்கூடிய ஓட்டை எத்தனை என்று திட்டத்தின் முகப்பில் பெருமையாகப் போட்டிருந்த வாசகமும் மாறியது. 2002-இல் ஓபன்எஸ்எஸ்எச்சில் (தூரத்திலிருந்து லாகின் செய்ய உதவும் சாஃப்ட்வேர்) வந்தது அப்படியான முதல் ஓட்டை, இது இரண்டாவது, ஆகவே 'ரெண்டே ரெண்டு ஓட்டை' என்று திருத்தினார்கள். இன்றைக்கும் அந்த இரண்டு அப்படியே இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள், அந்த ஒரு வாரத்தில் கோடில் ஒரு எழுத்துகூட வேறாகவில்லை. ஓட்டை அதேதான், பாக்கெட் அதேதான். ஒருவர் கூடுதலாக நாலு நாள் உட்கார்ந்து யோசித்தார், அவ்வளவுதான். பிப்ரவரி கடைசியில் முத்திரையைப் பார்த்து 'மெதுவா போட்டுக்கலாம்' என்று நினைத்த ஆள் எவ்வளவு பேர் இருந்திருப்பார்கள்? நானாக இருந்தால் நினைத்திருப்பேன். எட்டு மாதமாக நினைத்துக்கூடப் பார்க்கவில்லையே!

லினக்ஸ் கெர்னல்காரர்கள் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று வேறு எல்லைக்குப் போய்விட்டார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து பாதுகாப்பு ஓட்டைகளுக்கு அடையாளமாகத் தரும் சிவிஇ எண்ணைத் தாங்களே கொடுக்க ஆரம்பித்து, எதெல்லாம் ஓட்டையாக இருக்க வாய்ப்பு உண்டோ அதற்கெல்லாம் ஒரு எண். ஒரே வருஷத்தில் ஆயிரக்கணக்கில் வந்து விழ, கம்பெனிகளில் பட்டியல் பார்த்து டிக் அடிக்கிறவர்கள் புலம்பித் தீர்த்தார்கள். என் ஆபீஸிலும் அந்தப் புலம்பல் உண்டு. எனக்கு இரண்டில் எது சரி என்று கேட்டால், முத்திரை இருப்பது படிக்கிறவனுக்கு உதவிதான், ஆனால் எதைப் போடலாம் எதை விடலாம் என்று பொறுக்குவதற்கு அதைப் பயன்படுத்தக்கூடாது என்பேன். வந்ததை வந்த வரிசையில் எல்லாம் போடு. சிஸ்பேட்சும் அப்படித்தான் போடுகிறது, பொறுக்கவிடாது. பொறுக்கியது என் மண்டை மட்டும்தான்.

சரி, சோர்ஸ் குப்பையை அழித்தேன், சிஸ்பேட்ச் அடித்தேன். வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் கெர்னலைப் புதிதாகக் கோக்கிறேன் என்று நின்றது. 6.2-இலிருந்து இருக்கும் ஏற்பாடு இது. ஒவ்வொரு பூட்டிலும் கெர்னலின் துண்டுகளை வரிசை மாற்றிக் கோத்து அடுத்த பூட்டுக்குத் தயாராக வைக்கும், அதனால் உலகத்தில் இரண்டு பெட்டிகளில் ஒரே அடுக்கு இருக்காது, ஒன்றில் கண்டுபிடித்த முகவரி இன்னொன்றில் செல்லாது. புதிய கெர்னலை ஏற்ற ரீபூட் செய் என்று வந்தது. "சித்தப்பா, இன்னொரு தடவை அணைச்சுப் போடணும்."

"அதான் ஓடுதே! ஓடறதுல ஏன்டா கை வைக்கிற?"

இதற்கு என்னிடம் நல்ல பதில் எப்போதுமே இருந்ததில்லை. ஓடுகிற கெர்னல் நினைவகத்தில் இருக்கிறது, டிஸ்கில் இருப்பதை மாற்றினால் மட்டும் போதாது என்று ஆரம்பித்தேன். பாதியில் அவர் ஆஃப்செட் மிஷின் பக்கம் போய்விட்டார். மதியம் ஆட்கள் சாப்பிடப் போனபோது ரீபூட் செய்தேன், ஒன்றரை நிமிஷம்.

இன்னொரு சிக்கல், அதற்கு முந்தின நாள், அக்டோபர் 8-ஆம் தேதிதான் 7.6 வெளியாகியிருந்தது. பெட்டியில் இருந்தது 7.4. அதாவது நான் பேட்ச் போட்டு முடித்த நாளில் அந்த வெளியீட்டுக்கே ஆயுள் முடிந்திருந்தது. 7.5-க்குப் போய், அங்கிருந்து 7.6-க்குப் போக வேண்டும், ஒன்றைத் தாண்டிக் குதிக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை பிரஸ் மூடியிருக்கும், அன்றைக்குச் செய்துவிடலாமா என்று கேட்டேன். சித்தப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. பூஜைக்கு வைத்த எதையும் தொடக்கூடாது, விஜயதசமி அன்று மறுபூஜை முடிந்துதான் எடுக்க வேண்டும். ஃபயர்வால் பெட்டியும் அதில் சேர்த்தி.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை போனேன். பெட்டியின் முகத்தில் மூன்று விரல் விபூதிப் பட்டை, நடுவில் சந்தனம் குங்குமம். பவர் பட்டன் குங்குமத்துக்கு அடியில் எங்கேயோ. காற்று போகும் துளைகளில் சாமந்தி இதழ் இரண்டு சிக்கியிருந்தது, அதை ஊசியால் எடுத்தேன். சிஸ்அப்கிரேட் இரண்டு முறை, ஒவ்வொன்றும் தானே இறக்கி, தானே ரீபூட் ஆகி, தானே நிறுவி எழுந்து வந்தது. யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி. கடைசியாக ஏலியஸஸ் ஃபைலில் அந்த ஒரு வரி. என் கணக்கு வழியாக மெயில் வெளியே போகும்படி அமைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று சித்தப்பா விலாசத்தையும் பக்கத்தில் சேர்த்தேன், நான் கவனிக்காவிட்டாலும் அவராவது போன் போடுவார்.

போட்டார், பத்து நாள் கழித்து. பிஎஸ்டியில் ரூட் கணக்குக்குப் பூர்வீகமாக ஒரு முழுப்பெயர் உண்டு, மெயில் எல்லாம் அந்தப் பெயரில்தான் போகும், அதை நான் யோசிக்கவில்லை.

"டேய், சார்லி ரூட்னு ஒரு வெள்ளைக்காரன் தினம் ராத்திரி மெயில் போடறான். என்ன வேணும்னே தெளிவா சொல்ல மாட்டேங்கறான். விசிட்டிங் கார்டு 500-க்கு கொட்டேஷன் அனுப்பிட்டேன். பதிலே காணோம்."

என் இன்பாக்ஸைத் திறந்து பார்த்தேன். வந்திருந்தது. ஜிஎஸ்டி தனி என்று போட்டிருந்தார்.